செம்பா, நனோ இழையா? கொப்பியில் கணக்குப் போட்டுப் பார்க்கும் வழி

ஹட்டனில் மோட்டர் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். தேயிலை பெக்டரிகளில் இருந்து கொழுந்து வாட்டும் விசிறி, ரோலர், தண்ணீர் பம்ப் என்று மோட்டர்கள் எரிந்து வரும். அவற்றைக் கழற்றி, புதுச் செம்புக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பது பிழைப்பு. ஏ.எல். கணிதப் பிரிவில் படித்தவன் என்பது ஊருக்குத் தெரியும். அதனால் நோர்வூட், டிக்கோயா, கொட்டகலைப் பிள்ளைகள் செயற்றிட்டம் என்று வந்தால் என் வேலை மேசையில் ஒரு பக்கத்தை ஒதுக்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இப்போது அதிகம் வரும் கேள்வி இதுதான்: "அண்ணே, காபன் நனோகுழாய் செம்பை விட நல்லாக் கடத்துமாமே? இனி சிப்புக்குள்ள செம்பே தேவையில்லையாமே?"

காபன் நனோகுழாய் என்றால் காபன் அணுக்களால் ஆன மிக மெல்லிய குழாய். கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது. கம்பி எவ்வளவு அகலம், எவ்வளவு நீளம், என்ன மீடிறனில் ஓடுகிறது என்ற மூன்றும் தெரியாமல் "நல்லாக் கடத்தும்" என்று சொல்வதில் ஒன்றுமில்லை. மூன்றும் தெரிந்தால், ஏ.எல். பௌதிகவியலும் ஒரு கல்குலேட்டரும் வைத்துக்கொண்டு யாரும் ஒரு பிற்பகலில் பதிலுக்குக் கிட்டே வந்துவிடலாம். அந்தக் கணக்கைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். பக்கத்தில் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு, நான் சொல்லும் எண்ணை நம்பாமல் நீங்களே போட்டுப் பாருங்கள்.

பழுதான இன்டக்சன் அடுப்பு ஒன்றைத் தேடுங்கள்

நனோவுக்குப் போகுமுன் கையில் பிடிக்கக்கூடிய ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். 2022இல் காஸ் தட்டுப்பாடு வந்தபோது நம் பக்கத்தில் நிறைய வீடுகள் இன்டக்சன் அடுப்பு வாங்கின. அவற்றில் செத்துப்போனவை இப்போது பழைய சாமான் கடைகளில் கிடக்கின்றன. ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பிளக் கழற்றி இருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஆனால் உள்ளே இருக்கும் பெரிய கொள்ளளவியை மறக்கக் கூடாது. 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தைத் திருத்தினால் அதில் 300 வோல்ட்டுக்கு மேல் ஏறி நிற்கும். சும்மா கிடந்த அடுப்பில் அது வடிந்திருக்கும்தான். என்றாலும் மல்டிமீற்றரை வைத்து பூச்சியம் என்று பார்த்த பிறகே கை வையுங்கள்.

கண்ணாடித் தட்டைத் தூக்கினால் தட்டையாகச் சுருட்டிய ஒரு கொயில் தெரியும். அதன் ஒரு முனையை வெட்டிப் பாருங்கள். தூரத்தில் ஒரே தடித்த கம்பி மாதிரித் தெரிந்தது, நுனியை விரலால் உருட்டினால் விரிந்து மெல்லிய பல இழைகளாகப் பிரியும். ஒவ்வொரு இழைக்கும் தனித்தனி எனாமல் பூச்சு உண்டு. எல்லாம் சேர்த்து முறுக்கப்பட்டிருக்கும். ஒரு இழையைப் பிரித்து பிளேடால் எனாமலைச் சுரண்டுங்கள். உள்ளே சிவப்பாக இருந்தால் செம்பு. வெள்ளையாக மினுங்கினால் அலுமினியம்; விலை குறைந்த அடுப்புகளில் அதுவும் வரும், மேற்பூச்சின் நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். அப்புறம் நுண்மானித் திருகுக்கணிச்சியில் விட்டத்தை அளந்து எழுதுங்கள். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் தூசி படிந்து கிடக்கும் கணிச்சிக்கும் ஒரு வேலை கிடைக்கும்.

இத்தனை பெரிய மின்னோட்டம் ஓடும் இடத்தில் ஏன் ஒரே தடிக்கம்பி போடவில்லை? ஆடலோட்டம் கடத்திக்குள் தானே உண்டாக்கும் காந்தப்புலம், மின்னோட்டத்தை நடுவில் இருந்து வெளிப்புறத்துக்குத் தள்ளுகிறது. மீடிறன் கூடக் கூட இந்தத் தள்ளல் கூடும். மின்னோட்டம் ஓடும் வெளிப்புறப் படையின் தடிப்பைத் தோல் ஆழம் என்கிறோம். செம்புக்கு அறை வெப்பநிலையில் அதைக் கணிக்க ஒரு குறுக்குவழி உண்டு: மீடிறனை மெகாஹேர்ட்ஸில் எழுதுங்கள், அதற்கு வர்க்கமூலம் எடுங்கள், 66ஐ அதனால் வகுங்கள். வருவது மைக்ரோமீற்றரில் தோல் ஆழம்.

நம் வீட்டு 50 ஹேர்ட்ஸுக்குப் போட்டால் 9.3 மில்லிமீற்றர். நான் சுற்றும் கம்பிகள் பெரும்பாலும் ஒன்றிரண்டு மில்லிமீற்றருக்குள் இருப்பதால், எங்கள் தொழிலில் யாரும் தோல் விளைவைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. இன்டக்சன் அடுப்பு 20 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் ஓடும். 25 என்று வைத்தால் 0.42 மில்லிமீற்றர். நீங்கள் அளந்த இழையின் ஆரையை இதோடு ஒப்பிடுங்கள். இழை ஏன் அவ்வளவு மெல்லியது என்று அங்கேயே தெரிந்துவிடும்: ஆரை தோல் ஆழத்தை விடச் சின்னதாக இருந்தால் இழையின் நடுப்பகுதியும் வேலை செய்கிறது, செம்பு வீணாவதில்லை. இப்படி முறுக்கிய கம்பிக்கு லிட்ஸ் கம்பி என்று பெயர்.

இனி மேலே ஏறுங்கள். 1 மெகாஹேர்ட்ஸுக்கு 66 மைக்ரோமீற்றர். 1 கிகாஹேர்ட்ஸுக்கு 2.1. 10 கிகாஹேர்ட்ஸுக்கு 0.66. 100 கிகாஹேர்ட்ஸுக்கு 0.21, அதாவது 210 நனோமீற்றர். அந்த மீடிறனில் லிட்ஸ் கம்பி செய்ய வேண்டுமென்றால் ஒவ்வொரு இழையும் நனோ அளவில் இருக்க வேண்டும். "நனோ இழை உயர் மீடிறனுக்கு நல்லது" என்ற பேச்சு இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. ஆனால் செம்பிலேயே அவ்வளவு மெல்லிய இழை செய்து எனாமல் பூசி முறுக்கினாலும் பயனில்லை. பக்கத்துப் பக்கத்து இழைகளுக்கு இடையில் இருக்கும் கொள்ளளவம் உயர் மீடிறனில் வழி விட்டுவிடும். மின்னோட்டம் எனாமலைத் தாண்டிக் குதித்து மறுபடி வெளிப்புறத்துக்கே போய்விடும். லிட்ஸ் கம்பி நடைமுறையில் ஒன்றிரண்டு மெகாஹேர்ட்ஸோடு நின்றுபோவது அதனால்தான். காபன் நனோகுழாய்க் கட்டு இதில் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

சிப்புக்குள் தோல் விளைவை மறந்துவிடுங்கள்

இந்த இடத்தில்தான் அதிகம் பேர் குழம்புகிறார்கள். செயற்றிட்ட அறிக்கைகளில் நான் அடிக்கடி பார்க்கும் வசனம்: "கணினிச் சிப் கிகாஹேர்ட்ஸில் ஓடுவதால் தோல் விளைவு காரணமாகச் செம்புக் கம்பியின் தடை கூடுகிறது." படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டால் நிற்காது. 5 கிகாஹேர்ட்ஸுக்குத் தோல் ஆழம் சுமார் 0.93 மைக்ரோமீற்றர், 930 நனோமீற்றர். திரான்சிஸ்டர்களுக்குப் பக்கத்தில் ஓடும் அடி மட்டத்து இணைப்புக் கம்பியின் அகலமோ 20 நனோமீற்றர் அளவு. கம்பி முழுவதுமே தோலுக்குள் அடங்கிவிடுகிறது. தோல் விளைவு என்ற பிரச்சினையே அங்கே இல்லை.

அங்கே இருப்பது வேறு நோய். செம்புக்குள் ஒரு இலத்திரன் எதிலும் மோதாமல் சராசரியாக 39 நனோமீற்றர் போகும். கம்பியின் அகலம் அதை விடக் குறைந்தால், இலத்திரன் தன் பாதையை முடிக்குமுன் சுவரில் மோதிவிடும். கொழுந்துச் செடி இரண்டு பக்கமும் வளர்ந்து மூடிய ஒற்றையடிப் பாதையில் கூடையோடு நடப்பது போலத்தான். பாதை குறுகக் குறுக, செடி இடிக்காமல் ஓர் அடி எடுத்துவைக்க முடியாது. இதை மெல்லிய உலோகப் படலங்களுக்கு முறையாகக் கணித்துக் காட்டியவர் கிளவுஸ் பூக்ஸ், 1938இல். பிற்காலத்தில் அணுகுண்டு இரகசியத்தைச் சோவியத்துக்குக் கொடுத்ததற்காக 1950இல் சிறைக்குப் போன அதே பூக்ஸ்தான். 1952இல் சொண்ட்ஹைமர் அதை விரித்து எழுதினார். செம்பு ஒரே பளிங்காக இல்லாமல் சின்னச் சின்ன மணிகளாக இருப்பதால் அந்த மணிகளின் எல்லைகளிலும் இலத்திரன் சிதறும். அதற்கான கணக்கை மாயதாஸும் ஷாட்ஸ்கஸும் 1970இல் கொடுத்தார்கள்.

இப்போது ஒரு மாதிரிக் கம்பியை எடுப்போம். பள்ளத்தின் அகலம் 20, உயரம் 40 நனோமீற்றர். முழுதும் செம்பு என்று நினைக்க வேண்டாம். செம்பு அணுக்கள் சுற்றியுள்ள காவலிக்குள்ளும் சிலிக்கனுக்குள்ளும் ஊடுருவினால் சுற்று கெட்டுவிடும் என்பதால் தந்தலம் நைத்திரைட்டு மாதிரியான ஒரு தடுப்புப் படை பூசித்தான் செம்பை நிரப்புகிறார்கள். 1997இல் ஐபிஎம் அலுமினியத்தை விட்டுச் செம்புக்கு மாறுவதாக அறிவித்த காலத்திலிருந்தே இந்தத் தடுப்பு உண்டு. இரண்டு பக்கமும் அடியிலும் 2 நனோமீற்றர் என்று வைத்தால் செம்புக்கு மிஞ்சுவது 16க்கு 38. பரப்பு 608 சதுர நனோமீற்றர். பள்ளத்தின் மொத்தப் பரப்பு 20 × 40 = 800இல் கால்வாசி தடுப்பிலேயே போய்விட்டது.

பெரிய கம்பிக்கான தடைத்திறன் 1.68 × 10⁻⁸ ஓம் மீற்றர். அதை வைத்து ஒரு மைக்ரோமீற்றர் நீளத்துக்குத் தடை கணித்தால் சுமார் 28 ஓம் வரும். இனி சுவர் மோதலைச் சேர்க்க வேண்டும். 1/16ஐயும் 1/38ஐயும் கூட்டி, 39ஆல் பெருக்கி, 3/8ஆல் பெருக்குங்கள். 1.3 வரும். சுவரில் மோதிய இலத்திரன் எல்லாம் திசை முழுக்க மாறிவிடும் என்று எடுத்துக்கொண்ட கணக்கு இது. மணி எல்லைகளுக்கு மாயதாஸ், ஷாட்ஸ்கஸ் சூத்திரம் கொஞ்சம் நீளம். மணியின் அளவு கம்பி அகலம் அளவே இருந்து, எல்லையில் நூற்றுக்கு முப்பது தெறிப்பு என்று வைத்தால் அது இன்னொரு 1.4 சேர்க்கும். மொத்தம் 1 + 1.3 + 1.4 = 3.7. ஆக, தடைத்திறன் 3.7 மடங்கு. ஒரு மைக்ரோமீற்றருக்கு 102 ஓம்.

28 என்று நினைத்தது 102 ஆகிவிட்டது. நனோகுழாயைச் செம்போடு ஒப்பிடும்போது இந்த 102ஐத்தான் வைக்க வேண்டும். செய்திகளில் தம் பாட்டுக்குப் பெரிய கம்பியின் எண்ணை வைத்து ஒப்பிட்டுவிடுவார்கள். அது செம்புக்குச் செய்யும் சலுகை. சில நேரம் நனோகுழாய்க்கும் வேறு விதத்தில் சலுகை செய்வார்கள். அது என்ன என்று அடுத்த பகுதியில் பார்ப்போம்.

அதே பள்ளத்தில் எத்தனை குழாய் அடங்கும்?

காபன் நனோகுழாய் என்பது ஓர் அணுத் தடிப்புள்ள காபன் தாளைச் சுருட்டியது போன்ற குழாய். 1991இல் ஜப்பானில் சுமியோ இஜிமா பல சுவருள்ள குழாய்களைப் படம்பிடித்துக் காட்டினார். ஒற்றைச் சுவர்க் குழாய் 1993இல் வந்தது. விட்டம் 1 நனோமீற்றர் என்று எடுங்கள். பக்கத்துக் குழாயோடு 0.34 நனோமீற்றர் இடைவெளி இருக்கும், காரீயத்தின் (கிரபைட்) படைகளுக்கு இடையில் இருப்பது அதே அளவுதான். தேன்கூட்டு அடுக்கில் ஒரு குழாய் பிடிக்கும் இடம் 0.866 × 1.34² = 1.555 சதுர நனோமீற்றர். செம்புக்குப் போட்டது மாதிரித் தடுப்புப் படை தேவையில்லை என்பதால் 800 முழுவதையும் பயன்படுத்தலாம். 800ஐ 1.555ஆல் வகுத்தால் 514 குழாய்.

ஒரு குழாயின் தடை என்ன? இங்கேதான் பாடப் புத்தகத்தில் இல்லாத ஒரு விஷயம் வருகிறது. குழாய் எவ்வளவு குட்டையாக இருந்தாலும், அதற்குள் இலத்திரன் ஒரு தடவை கூட மோதாவிட்டாலும், தடை ஓர் எண்ணுக்குக் கீழே இறங்காது. அந்த எண் பிளாங்கின் மாறிலியை இலத்திரன் ஏற்றத்தின் வர்க்கத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். 6.626 × 10⁻³⁴, 1.602 × 10⁻¹⁹ இரண்டையும் போட்டுப் பாருங்கள். 6455 ஓம். ஒரு ஏ.எல். பிள்ளை தன் கல்குலேட்டரிலேயே இந்த எண்ணைக் கண்டுபிடிக்கும்போது முகத்தில் வரும் பிரகாசத்துக்காகவே இந்தப் படியை நான் விடமாட்டேன். அதன் மேல், குழாய்க்குள் மோதாமல் போகும் தூரம் சுமார் 1 மைக்ரோமீற்றர். செம்பின் 39 நனோமீற்றரோடு பார்த்தால் 25 மடங்கு. ஆக ஒரு குழாயின் தடை: 6455 × (1 + மைக்ரோமீற்றரில் நீளம்).

514 குழாயும் சமாந்தரமாக இருந்தால் 514ஆல் வகுக்க வேண்டும். ஆனால் எல்லாக் குழாயும் கடத்தாது. சுருட்டிய கோணத்தைப் பொறுத்து மூன்றில் ஒன்றுதான் உலோகம் போலக் கடத்தும். மற்ற இரண்டு பங்கும் குறைகடத்தி. செய்திகள் நனோகுழாய்க்குச் செய்யும் சலுகை இதுதான்: எல்லாமே உலோகக் குழாய் என்று எடுத்துக்கொள்வார்கள். தரம் பிரிக்காமல் வளர்த்தால் கிடைப்பது 514இல் 171தான்.

மூன்று நீளங்களுக்கு எண்ணைப் போடுவோம். 0.1 மைக்ரோமீற்றர்: செம்பு 10 ஓம், முழு உலோகக் குழாய்க் கட்டு 14, மூன்றில் ஒரு பங்குக் கட்டு 42. செம்பு வெல்கிறது. 1 மைக்ரோமீற்றர்: செம்பு 102, முழுக் கட்டு 25, மூன்றில் ஒரு பங்கு 75. குழாய் வெல்கிறது. 10 மைக்ரோமீற்றர்: செம்பு 1020, முழுக் கட்டு 138, மூன்றில் ஒரு பங்கு 415. வித்தியாசம் இன்னும் விரிகிறது.

குட்டைக் கம்பியில் அந்த 6455 ஓம் தலையில் உட்கார்ந்து கொள்கிறது. நீளம் கூடும்போது அது ஒரு பொருட்டே இல்லை. முழு உலோகக் கட்டு 0.14 மைக்ரோமீற்றரைத் தாண்டியதும் செம்பை முந்துகிறது. மூன்றில் ஒரு பங்குக் கட்டு 0.6ஐத் தாண்ட வேண்டும். கொப்பியில் இரண்டு நேர்கோடு வரைந்தால் வெட்டும் புள்ளி கண்ணுக்குத் தெரியும்.

நான் எல்லாப் பிள்ளைகளையும் போடச் சொல்லும் கணக்கு இன்னொன்று உண்டு. குழாய்கள் இவ்வளவு நெருக்கமாக வளர்வது கடினம். எண்ணிக்கை குறைந்தால் என்ன ஆகும்? 6455ஐ 102ஆல் வகுங்கள். 63 சொச்சம். அந்த 800 சதுர நனோமீற்றருக்குள் கடத்துகிற குழாய் குறைந்தது 64 இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் நீளத்தை எவ்வளவு கூட்டினாலும் செம்பைப் பிடிக்க முடியாது. கோடுகள் வெட்டவே வெட்டாது. சுமார் 13 சதுர நனோமீற்றருக்கு ஒரு நல்ல குழாய் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது புதிதாக ஒரு நனோ இழைக் கம்பி செய்தோம் என்று சொன்னால், நான் முதலில் தேடுவது இந்த அடர்த்தி எண்ணைத்தான்.

வேகத்துக்கு ஒரு சின்னக் கணக்கு

தடை மட்டும் போதாது, பக்கத்துக் கம்பிகளோடு இருக்கும் கொள்ளளவமும் சேர்ந்துதான் தாமதத்தைத் தீர்மானிக்கும். சிப் கம்பிகளுக்கு ஒரு மைக்ரோமீற்றருக்கு 0.2 பெம்ட்டோபரட் என்று எடுப்பது வழக்கம். தடையையும் கொள்ளளவத்தையும் பெருக்கி 0.38ஆல் பெருக்கினால் தாமதம். நம் மாதிரிச் செம்புக் கம்பி 10 மைக்ரோமீற்றர் நீளம் என்றால் 0.8 பிக்கோசெக்கன் கூட வராது. 100 மைக்ரோமீற்றர் என்றால் 10.2 கிலோஓம், 20 பெம்ட்டோபரட், தாமதம் 78 பிக்கோசெக்கன். நீளம் பத்து மடங்கு, தாமதம் நூறு மடங்கு. 5 கிகாஹேர்ட்ஸில் ஒரு சுற்றுக்கு இருப்பதே 200 பிக்கோசெக்கன். சிப் வடிவமைப்பவர்கள் தூரப் பயணத்துக்கு மேல் அடுக்குகளில் தடித்த கம்பியைப் பயன்படுத்துவதும், இடையிடையே சமிக்ஞையைத் தூக்கிவிடும் சுற்றுகளை வைப்பதும் இதற்காகத்தான்.

கணக்கு வென்றும் ஏன் கடைக்கு வரவில்லை

இதைக் கேட்காத பிள்ளை இல்லை. முதல் காரணம் வெப்பம். இரும்பு, நிக்கல், கோபால்ட் மாதிரி உலோகத் துணிக்கைகளை ஊக்கியாக வைத்து, காபன் உள்ள வாயுவைச் சூடாக்கி குழாய்களை வளர்ப்பார்கள். நல்ல குழாய்க்கு 600 பாகைக்கு மேல் கேட்கும். ஆனால் திரான்சிஸ்டர்களும் காவலிப் படைகளும் ஏற்கெனவே அமைந்த சிலிக்கன் தட்டை 400 பாகைக்கு மேல் கொண்டுபோகக் கூடாது. சூட்டைக் குறைத்தால் குழாயில் குறைகள் கூடி, மோதாமல் போகும் தூரம் அந்த 1 மைக்ரோமீற்றரை விட்டுக் கீழே விழும். இரண்டாவது, குழாய் செங்குத்தாக வளர விரும்பும். மேலிருந்து கீழே இணைக்கும் துளைகளுக்கு அது சரி. கிடையாக ஓடும் கம்பிகளுக்குத் திருப்புவது பெரிய பாடு.

முடியவே முடியாது என்றும் சொல்ல முடியாது. 2008இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகமும் தோஷிபாவும் சேர்ந்து, சிலிக்கன் திரான்சிஸ்டர்களுக்கு இடையில் நனோகுழாயை இணைப்புக் கம்பியாக வைத்து 1 கிகாஹேர்ட்ஸில் ஓட்டிக் காட்டினார்கள். தொழிற்சாலைகள் பின்னர் வேறு வழியில் போயின. இன்டெல் தன் 10 நனோமீற்றர்த் தலைமுறையில் மிகக் கீழ் அடுக்குகளுக்குக் கோபால்ட்டைக் கொண்டுவந்தது. ருதேனியம் என்ற உலோகத்தைப் பற்றிய ஆராய்ச்சியும் பலமாக நடக்கிறது. பெரிய கம்பியாக இருந்தால் ருதேனியம் செம்பை விட நான்கு மடங்குக்கு மேல் மோசமான கடத்தி. அதை ஏன் எடுக்கிறார்கள்? தடைத்திறனையும் மோதாமல் போகும் தூரத்தையும் பெருக்கிப் பாருங்கள். செம்புக்கு 1.68 × 10⁻⁸ × 39 × 10⁻⁹, சுமார் 6.6 × 10⁻¹⁶. ருதேனியத்துக்கு 7.8 × 10⁻⁸ × 6.6 × 10⁻⁹, சுமார் 5.1 × 10⁻¹⁶. மிக ஒடுங்கிய கம்பியில் இந்தப் பெருக்கம் சின்னதாக இருப்பவன்தான் முந்துவான். போதாததற்கு, தடுப்புப் படையை மெல்லியதாக்கவோ இல்லாமலே விடவோ ருதேனியம் இடம் கொடுக்கும். கணக்கின் அழகே இதுதான், எனக்கு.

மறுபடி உயர் மீடிறனுக்கு

சிப்புக்கு வெளியே, அன்டெனாவிலும் கேபிளிலும், தோல் விளைவு உண்மையான எதிரி. பின்னால் சொல்கிறேன் என்று விட்ட விஷயம் இங்கே பொருந்தும். நனோகுழாயில் இலத்திரனை வேகப்படுத்தவும் நிறுத்தவும் தேவைப்படும் சக்தி, தூண்டுதிறன் மாதிரியே வெளிப்படுகிறது. ஒரு மைக்ரோமீற்றருக்கு சுமார் 4 நனோஹென்றி. சாதாரணக் காந்தத் தூண்டுதிறன் ஒரு மைக்ரோமீற்றருக்கு 1 பிக்கோஹென்றி அளவுதான். நாலாயிரம் மடங்கு வித்தியாசம். கட்டுக்குள் எந்தக் குழாயில் எவ்வளவு ஓட்டம் போவது என்பதைக் காந்தப்புலம் தீர்மானிக்க முடியாமல் போகிறது. நடுவில் இருக்கும் குழாயும் ஓரத்துக் குழாயும் ஏறத்தாழச் சமமாகப் பங்கிடும். எனாமலும் முறுக்கலும் இல்லாமலேயே லிட்ஸ் கம்பியின் வேலை நடக்கிறது.

இதை நம்புமுன் ஒரு எல்லை பாருங்கள். 6455 ஓமை 2π × 4 × 10⁻⁹ஆல் வகுத்தால் சுமார் 257 கிகாஹேர்ட்ஸ். அதற்குக் கீழே குழாயில் தடைதான் பெரியவன். தூண்டுதிறன் தலைதூக்குவது அதற்கு மேல்.

நீளமான நூலாகவும் நனோகுழாயைத் திரிக்கிறார்கள். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகக் குழு 2013இல் அமிலக் கரைசலில் இருந்து திரித்த நூல் பெயர் வாங்கியது. அதற்குப் பின் வந்த மிக நல்ல நூல்களின் கடத்துதிறனும் செம்பினதை விடக் குறைவுதான். குழாயில் இருந்து குழாய்க்குத் தாண்டும் சந்திப்புகள்தான் காரணம். ஆனால் செம்பின் அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு 8.96 கிராம், நூலினது அதில் ஒரு சிறு பங்கு. எடையால் வகுத்துப் பார்த்தால் இடைவெளி நன்றாகச் சுருங்கும். விமானத்துக்கும் செய்மதிக்கும் அது பெரிய விஷயம். என் கடைக்கு வரும் ரோலர் மோட்டருக்கு அல்ல.

செய்யக் கூடாத ஒன்று

போகலையிலும் கஹட்டகஹவிலும் உலகத் தரமான காரீயம் கிடைக்கிறது, அதில் நாமே நனோகுழாய் செய்யலாம் என்று சொல்லும் வீடியோக்கள் சுற்றுகின்றன. காரீயம் வேறு, குழாய் வேறு. இரண்டுமே காபன் என்பதோடு சொந்தம் முடிந்தது. மெழுகுவர்த்திப் புகையை வழித்தெடுத்து "நனோகுழாய்" என்று போத்தலில் போட்டு அறிக்கையோடு வைக்கவும் வேண்டாம். இணையத்தில் பொடியாக வாங்கித் திறப்பது இன்னும் மோசம். மெல்லிய நீண்ட குழாய்கள் நுரையீரலுக்குள் கல்நார் மாதிரி நடந்துகொள்ளலாம் என்ற பயம் உண்டு. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு நிறுவனம் 2013இல் பரிந்துரைத்த எல்லை ஒரு கன மீற்றர் காற்றுக்கு 1 மைக்ரோகிராம். வகுப்பறையில் அதை அளக்கக் கருவி கிடையாது. நிஜப் பொருளைப் பார்க்க ஆசை என்றால், 2008இல் தொடங்கிய இலங்கை நனோதொழினுட்ப நிறுவனம் ஹோமாகமவில் இருக்கிறது. அதிபர் கையெழுத்தோடு ஒரு கடிதம் எழுதிக் கேட்டுப் பாருங்கள்.

அறிக்கையை எழுதும்போது

இன்டக்சன் கொயிலில் இருந்து பிரித்த இழையை அட்டையில் ஒட்டி, அளந்த விட்டத்தையும் 25 கிலோஹேர்ட்ஸுக்கான தோல் ஆழத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த பக்கத்தில் செம்புக் கோடும் இரண்டு குழாய்க் கோடுகளும் ஒரே வரைபில் வர வேண்டும். எடுத்துக்கொண்ட எண்கள் எல்லாவற்றையும் மேலேயே சொல்லிவிடுங்கள்: தடுப்பு 2 நனோமீற்றர், தெறிப்பு நூற்றுக்கு முப்பது, குழாய் விட்டம் 1 நனோமீற்றர், மோதாத் தூரம் 1 மைக்ரோமீற்றர். இவற்றில் ஏதாவது ஒன்றைப் பாதியாக்கி மறுபடி கோடு வரைந்து காட்டினால் சேர் கட்டாயம் நிமிர்ந்து உட்காருவார்.

பரீட்சிக்க வருபவர் மின்னோட்டத்தைப் பற்றியும் கேட்கலாம். உலோகத் தன்மையுள்ள ஒரு தனிக் குழாய் 20 மைக்ரோஅம்பியர் வரை தாங்கும். குறுக்குவெட்டால் வகுத்தால் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 10⁹ அம்பியருக்கு மேல் வரும். செம்பில் அதற்கு நூறில் ஒரு பங்கு ஓடினாலே இலத்திரன்கள் அணுக்களையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போய், நாளடைவில் கம்பியில் வெற்றிடம் விழுந்து அறுந்துவிடும். காபன் அணுக்களுக்கு இடையில் உள்ள பிணைப்பு பலம் என்பதால் குழாய் அப்படி அறாது. அதற்கடுத்து, உலோக முனையும் குழாயும் தொடும் இடத்தின் தடையைக் கணக்கில் எடுத்தீர்களா என்று கேட்பார்கள். 6455 என்பது மிக நல்ல தொடுகைக்கான எண் என்றும், நடைமுறையில் அதன் மேல் இன்னொரு தடை சேரும் என்றும் சொல்லுங்கள். குழாய் ஒன்றுக்கு இன்னொரு 6455 சேர்ந்தால் வெட்டும் புள்ளிகள் எங்கே நகரும் என்பதை முன்கூட்டியே போட்டு வைத்துக்கொள்ளுங்கள்: முழு உலோகக் கட்டுக்கு 0.28 மைக்ரோமீற்றர், மூன்றில் ஒரு பங்குக் கட்டுக்கு 1.2.